கோட்டையைக் கேட்டால் கிடங்கைக் காட்டினார்கள்

நில அளவைத் துறையில் 31 வருஷம் வரைவாளராக இருந்தேன். 1983-ல் வேலைக்குச் சேர்ந்தபோது யூ.டி.ஆர்., அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிற வேலை, மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. செயினிலும் லிங்கிலும் கிடந்த பழைய அளவுகளை மீட்டருக்கு மாற்றி, கிராமம் கிராமமாகப் புதுப் புலப்படம் போட்ட காலம். வெயிலில் நின்று அளந்தவர்கள் அளவர்கள். அவர்கள் கொண்டுவந்து கொடுத்த கணக்கை வைத்து, ஜி-லைன் என்ற அடிக்கோட்டைப் போட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் வரப்பு எவ்வளவு தூரம் என்று ஆஃப்செட் குறித்து, புள்ளிகளைச் சேர்த்துப் படமாக்கியது நாங்கள்.

போடப் போட அதில் ஒரு கண் வந்துவிடும். இது தாமிரபரணிக் கால் பாயும் வயல், இது மானாவாரிக் கரிசல், இது தேரிக்காடு என்று வரப்பின் போக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஓடை என்றால் நெளிந்து வரும். ஓர் இடத்தில் அகலும், ஓர் இடத்தில் ஒடுங்கும். வண்டிப்பாதை யாருடைய நிலம் என்று பார்க்காமல் வெட்டிக்கொண்டு போகும். குளத்தங்கரை வில் மாதிரி வளையும்.

ஒரு கிராமத்தில் ஒன்பது புலங்களை நான் போட்டேன். ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தில் ஒடுக்கமாக ஒரு துண்டு, புறம்போக்கு என்று குறித்திருந்தது. தனித்தனியாகப் போட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஒட்டிக் கிராம வரைபடம் ஆக்கும்போதுதான் பேனா நின்றுவிட்டது. ஒன்பது துண்டும் சேர்ந்து ஒரு லாடம். கிழக்கே திறந்த பெரிய லாடம். அகலம் எங்கே அளந்தாலும் 18 மீட்டர், 19 மீட்டர். தண்ணீர் தானாக அறுத்த தடம் இப்படிச் சீராக இருக்காது. மண்வெட்டி பிடித்த கை வெட்டியிருந்தால்தான் இப்படி வரும்.

அந்த ஊரை அளந்த அண்ணாச்சியிடம் கேட்டேன். “அதுவா? கோட்டைக் கிடங்கும்மா. உள்ள முழுக்க உடைமுள்ளு. செயின் பிடிக்க முடியாம சட்டையெல்லாம் கிழிஞ்சு போச்சு” என்றார். அவருக்கு அது முள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கிடங்கு என்ற சொல்லை வெளியூர்க்காரர்கள் சாமான் அடுக்கி வைக்கிற குடோன் என்று நினைப்பார்கள். எங்கள் பக்கம் கிடங்கு என்றால் பள்ளம். “கிடங்குல விழுந்திராதட்டி” என்று சொல்லித்தான் ஆச்சி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். சங்கப் பாட்டில் கோட்டையைச் சுற்றி வெட்டிய அகழிக்கும் இதே சொல்தான். புலவர்கள் எழுதிய சொல்லை ஆடு மேய்க்கிறவர்கள் இன்றைக்கும் அதே பொருளில் வைத்திருக்கிறார்கள். கோட்டைக் கிடங்கு, கோட்டைமேடு, கோட்டைத் தெரு என்று நெல்லைச் சீமையில் எத்தனையோ ஊர்களில் பெயர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் சுவர் இருக்காது. பெயர் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கோட்டை என்ற சொல் காதில் விழுந்தாலே புதையல் என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மேட்டில் இரண்டு குழியை நானே பார்த்தேன்.

கோட்டை என்ற சொல்லையே நான் முதலில் கேட்டது வேறு பொருளில்தான். எங்கள் வீட்டு அரங்கில் ஆச்சி விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்திருப்பாள். வைக்கோலைப் பிரியாகத் திரித்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டே வந்து, நடுவில் நெல்லைக் கொட்டி, மேலே மூடி இறுக்கிக் கட்டி, வெளியே சாணி மெழுகிக் காயவிடுவார்கள். பூச்சி அண்டாது, ஈரம் ஏறாது. ஒரு கோட்டை என்றால் 21 மரக்கால். நிலத்தின் அளவையும் அப்படியே சொல்வார்கள்: அவர்களுக்கு நாலு கோட்டை விதைப்பாடு, இவர்களுக்கு அரைக் கோட்டை. உள்ளே இருக்கிற உயிரைக் காப்பாற்ற வெளியே சுற்றிக் கட்டுவது கோட்டை. எனக்கு அப்படித்தான் அந்தச் சொல் மனசில் பதிந்தது. பிற்பாடு ராஜாக்களின் கோட்டையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் சாணி மெழுகிய அந்த வைக்கோல் உருண்டைதான் முன்னால் வந்து நிற்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டு வந்த பிறகு எனக்கு இதே நினைப்பு. நம் பக்கத்தில் கோட்டை கட்டியதாக எழுத்திலேயே சாட்சி இருக்கிற மிகப் பழைய இடம் எது என்று தேடினேன். கிடைத்தது கரவந்தபுரம்.

8ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாண்டிய நாட்டை ஆண்டவன் பராந்தக நெடுஞ்சடையன். மாறஞ்சடையன் என்றும் சொல்வார்கள். அவனுடைய 17ஆவது ஆட்சியாண்டில் எழுதிய செப்பேடு ஒன்று, ஸ்ரீவரமங்கலம் செப்பேடு என்று பெயர், சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு ஊரைத் தானமாகக் கொடுத்த பத்திரம்தான் அது. ஆனால் கொடுக்கிறவன் பெருமையை முன்னால் பாடிவிட்டுத்தான் எல்லைக்கு வருவார்கள். அந்தப் பெருமையில் ஒரு வரி, கரவந்தபுரத்தில் அவன் கட்டிய கோட்டை: கண் அகன்ற கல்லகழ், வானத்தைத் தொட்டு, முகில் துஞ்சலின் அசும்பு அறாத அகன்சென்னி நெடுமதில்.

இந்த வரியை நான் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மேகம் வந்து படுத்துத் தூங்குவதால் மதிலின் தலை எப்போதும் கசிந்து ஈரமாகவே இருக்கிறதாம். அசும்பு என்றால் கசிவு. சாதாரணமாக உயரத்தைச் சொல்ல வேண்டும் என்றால் வானத்தை முட்டியது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இந்தக் கவி மதிலின் மேலே கையை வைத்துப் பார்த்து, ஈரமாக இருக்கிறது என்று சொல்கிறான்.

அந்தக் கரவந்தபுரம்தான் இன்றைக்கு உக்கிரன்கோட்டை என்று கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். மானூர் வட்டாரத்தில் இருக்கிறது. உக்கிர பாண்டியன் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ராமையன்பட்டி தாண்டி, மானூர் பெரியகுளத்தைப் பார்த்துவிட்டு, மேற்கே திரும்பிப் போக வேண்டும். சிற்றாற்றுத் தண்ணீர் வந்து நிரம்புகிற குளம் அது. நாங்கள் போனபோது பாதிதான் இருந்தது.

மானூரைச் சும்மா தாண்ட எனக்கு மனசு வரவில்லை. கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. ஏறக்குறைய கி.பி. 800-ஐச் சேர்ந்தது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று விதி போட்டிருக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டை ஊர் உலகத்துக்கே தெரியும், அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது இது. எனக்குப் பிடித்த விதி ஒன்று இதில் உண்டு: சபையில் எதைச் சொன்னாலும் கூடாது கூடாது என்று மறித்துக்கொண்டே இருக்கிறவனுக்கு ஐந்து காசு தண்டம்.

உக்கிரன்கோட்டையில் வண்டியை நிறுத்தியபோது காற்று ஆளைத் தள்ளியது. பனைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்தன. மேற்கே மலை தெரியவில்லை. மலை இருக்கிற இடத்தில் கறுப்பாக மேகம் மட்டும் கிடந்தது. குற்றாலத்தில் சாரல் என்று அர்த்தம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதில் ஒரு துண்டு பிரிந்து, தாழ்வாக, தலைக்கு மேலே வந்தது. நாலு தூற்றல். கையில் இருந்த பை நனையக் கூட இல்லை, அதற்குள் போய்விட்டது. மழை மறைவுப் பகுதி, வந்த மேகம் நிற்காது. ஆனால் இங்கே 40 அடி, 50 அடி உயரத்தில் ஒரு மதில் இருந்து, அதன் மேலே இந்த ஆடிமாசத் தூற்றல் நாள் முழுக்க விட்டு விட்டு விழுந்திருந்தால், அதன் தலை காய்ந்திருக்காதே என்று நினைத்தேன். செப்பேட்டுக் கவி மதுரையில் உட்கார்ந்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆடியிலோ ஆனியிலோ இந்த இடத்தில் வந்து நின்று, சாரலில் நனைந்தவன் எழுதிய வரி அது.

நெடுஞ்சடையன் ஏன் இந்த இடத்தில் கோட்டை கட்டினான்? மேற்கே மலையில் ஆரியங்காவுக் கணவாய். அந்தப் பக்கத்திலிருந்து இறங்கினால் தென்காசி, அப்புறம் சிற்றாற்றங்கரையோடு நெல்லைச் சீமைக்குள் வந்துவிடலாம். நெடுஞ்சடையனுக்கு மலைக்கு அந்தப் பக்கத்து வேந்தர்களோடுதான் பெரிய சண்டை. இன்றைய கேரளக் கடற்கரையில் இருக்கிற விழிஞத்தை அழித்ததாக அதே செப்பேடு பாடுகிறது. அங்கேயும் ஒரு கோட்டை வருகிறது பாருங்கள். விழிஞத்துக்குக் கடல்தான் அகழி, அதன் மதில் சூரியனே ஒதுங்கிப் போகிற உயரம், இலங்கைக் கோட்டையை விட வலியது. பகைவனின் கோட்டையைச் சின்னதாகச் சொல்ல இந்தக் கவிக்கு மனசு வரவில்லை. கடலை அகழியாக வைத்தவனை ஜெயித்துவிட்டு, கடல் இல்லாத தன் நாட்டு உள்பகுதியில் கல்லை வெட்டி அகழி செய்தான் என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழுசாகப் புரியும்.

இந்தக் கரவந்தபுரத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. பெயர் மாறன் காரி. அந்த ஊர் வைத்தியர் குலம். நெடுஞ்சடையனுக்கு உத்தரமந்திரி. மூவேந்தமங்கலப் பேரரையன் என்று பட்டம்.

வேள்விக்குடிச் செப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் களப்பிரர் பாடத்துக்காகப் படித்திருப்போம். என் கண்ணுக்கு அது ஒரு பட்டா கேஸ். நெடுஞ்சடையனின் மூன்றாவது ஆட்சியாண்டு. கூடல் மாநகரில் ராஜா போய்க்கொண்டிருக்கிறான். வழியில் ஒருவன் கூக்குரல் இடுகிறான். கொற்கைகிழான் நற்சிங்கன், நம் பக்கத்து ஆள். என் முன்னோருக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊர், களப்பிரர் பிடுங்கிக்கொண்டார்கள், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறான். ராஜா கோபப்படவில்லை. நன்று நன்று என்று முறுவலித்து, “நாட்டால் நின் பழமையாதல் காட்டி நீ கொள்க” என்கிறான். அதாவது, நாட்டாரை வைத்து இது உன் பழைய உரிமை என்று நிரூபி, எடுத்துக்கொள். அவனும் அப்போதே காட்டினான், நிலம் திரும்பக் கிடைத்தது. ஆபீசில் எத்தனை பேர் ஆவணம் இல்லாமல் வந்து கண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஊரில் நாலு பெரியவர்களை விசாரித்து எழுதுங்கள் என்று சொல்கிற நல்ல தாசில்தார் ஒருவர் வந்துவிட்டால் போதும், எங்களுக்கே நிம்மதியாக இருக்கும். 1200 வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா அதைத்தான் சொன்னான்.

அந்த உத்தரவை நிறைவேற்றிய ஆணத்தி, மாறன் காரி. கோட்டை ஊர்க்காரன், நிலத்தைப் பழைய உரிமைக்காரன் கையில் ஒப்படைத்தான்.

அப்புறம் அவர் மதுரை ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குகையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தார். கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770. நீர் தெளிக்கும் முன்பே, அதாவது குடமுழுக்குக்கு முன்பே, அவர் போய்ச் சேர்ந்தார். தம்பி மாறன் எயினன் அந்தப் பதவிக்கு வந்து, முகமண்டபம் கட்டி, நீர் தெளித்தான். கல்வெட்டே இதைச் சொல்கிறது. அண்ணன் செய்ததையும் தான் செய்ததையும் தனித்தனியாக எழுதி வைத்த அந்தத் தம்பியை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். முழுவதும் தன் பெயரிலேயே வெட்டியிருக்கலாம் அவன். கேட்க ஆள் ஏது?

உக்கிரன்கோட்டையில் நெடுமதில் இல்லை. நான் அதை எதிர்பார்த்துப் போகவும் இல்லை.

பாண்டியர் கதை அதோடு முடியவில்லை. 1311-ல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்துபோனதும், பின்னால் சுல்தான் ஆட்சியும், அதற்குப் பின்னால் விஜயநகரமும் வந்து, பாண்டியர் மெல்ல மெல்லத் தெற்கே ஒதுங்கினார்கள். தென்காசியில் 1422-ல் பட்டத்துக்கு வந்த பராக்கிரம பாண்டியன் பேர் நிலைத்தது மதிலால் இல்லை, 1446-ல் ஆரம்பித்த விசுவநாதர் கோயிலால். இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து, அதைச் சரிசெய்கிறவர் யாராயிருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பட்டத்து ராஜா, தனக்குப் பின்னால் வரப்போகிற யாரோ ஒருவன் காலில் முன்கூட்டியே விழுகிறான். எந்தக் கோட்டையை விடவும் எனக்கு அந்தக் கல்வெட்டு பெரிது.

விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் வந்து பாளையங்களைப் பிரித்தார்கள். 72 பாளையம், மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளம், ஒரு பாளையக்காரருக்கு ஒரு கொத்தளம் காவல் என்பது ஏற்பாடு. இதில் ஒன்று மட்டும் சொல்லி நகர்கிறேன். 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் அந்த மதிலை இடிக்க வைத்தார். இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்றார். வேலையைப் பார்த்தவர்கள் பெருமாள் மேஸ்திரி என்பவரும், மாரட் என்ற சர்வேயரும். மதுரையில் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று இன்றைக்கும் இருக்கிறது. ஒரு சர்வேயர் பெயரில் வீதி என்று எங்கள் ஆபீசில் பெருமையாகச் சொல்வார்கள். கோட்டையை அழித்த கணக்கில் வந்த பெயர் என்பதால் எனக்கு அந்தப் பெருமை முழுசாக ஒட்டவில்லை.

நெல்லைப் பாளையக்காரர்கள் கட்டியவை பெரும்பாலும் மண்கோட்டை. மண்தானே என்று குறைவாக நினைக்கக்கூடாது. மண்சுவர் வைத்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மண்ணை வெட்டிக் குழைத்து, புளிக்கவிட்டு, மறுபடி மிதித்து, முழ உயரத்துக்கு ஒரு வரிசை வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்தது. நன்றாகக் காய்ந்த சுவரில் ஆணி இறங்காது. கல் மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் உடைந்து சரியும். மண் மதிலில் பட்டால் குண்டு உள்ளே போய்ப் புதைந்து கிடக்கும். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் 1755-ல் கும்பெனிப் படையோடு வந்த கர்னல் ஹெரானைத் திருப்பி அனுப்பியதும், 1761 வரைக்கும் யூசுப்கானோடு மல்லுக்கட்டியதும் இப்படிப்பட்ட மதிலுக்குப் பின்னால் நின்றுதான்.

எல்லாவற்றையும் விட பாஞ்சாலங்குறிச்சி. நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். பழைய கோட்டை வாசலின் மேலே போலீஸ் ஸ்டேஷன் இருந்தது, மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்றே எல்லோரும் சொல்வோம். ஊமைத்துரையைச் சிறை வைத்திருந்தது இந்தக் கோட்டையில்தான். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ராத்திரி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டையிலிருந்து தப்பி, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நடந்தும் ஓடியும் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த வாரம் கும்பெனிப் படை அங்கே போய் நின்றபோது, இடித்து மட்டமாக்கிய இடத்தில் மதில் எழும்பி நின்றது. மதிலுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் ஆட்கள். அந்தப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி, தான் பார்த்து மலைத்துப்போனதைப் பிற்பாடு எழுதி வைத்தார். ஒரு வாரத்துக்குள் ஒரு கோட்டை! ஒரு வரிசை காயக் கூட நேரம் போதாது. ஊர் ஊராக ஆணும் பெண்ணும் வந்து, கிடங்கில் நின்று மண் வெட்டிக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுக்காமல் இது நடந்திருக்காது. மார்ச் 31-ல் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. மே 24-ல்தான், பெரிய பீரங்கிகளை வைத்து மதிலை உடைத்த பிறகு, உள்ளே போனார்கள். அப்புறம் உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். அந்த டிசம்பரிலேயே பாளையக்காரர் கோட்டைகளை எல்லாம் இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து பிரகடனம் வந்துவிட்டது. நம் மண்கோட்டைகள் மழையில் கரைந்து போயின என்று பொதுவாக எழுதுகிறார்கள். எல்லாம் கரையவில்லை. உத்தரவு போட்டு இடித்தவை.

இப்போது பாஞ்சாலங்குறிச்சியில் நிற்கிற கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதோடு திரும்பிவிடாமல், பழைய அஸ்திவாரம் கிடக்கிற இடத்தையும் காட்டிவிட்டு வாருங்கள்.

என் லாடத்துக்கு வருகிறேன். அந்த ஊர்க் கிடங்கை யார் வெட்டினார்கள் என்று எந்தக் கல்லிலும் செம்பிலும் நான் பார்க்கவில்லை. போன தை மாசம் முதல் தடவையாக நேரில் போனேன். படம் போட்டு நாற்பது வருஷம் ஆகிவிட்டது, இடத்தைப் பார்த்ததில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம், “கோட்டை எங்கன இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“கோட்டை எப்பமோ போச்சு தாயி. கிடங்குதான் கிடக்கு. வாங்க காட்டுதேன்.”

பாதி தூர்ந்திருந்தது. வடக்கு மூலையில் மட்டும் நான் போட்ட வளைவு அப்படியே இறங்கி ஏறியது. உள்ளே இறங்கி நின்றேன், கரை என் தோளுக்கு வந்தது. அடியில் ஈரம் இருந்தது. மேலே எல்லாம் மண் வெடித்துக் கிடக்க, கிடங்குக்குள் மட்டும் புல் பச்சையாக நின்றது. ஆடுகள் கேட்காமலே இறங்கிவிட்டன.

வீட்டுக்கு வந்து கணினியில் அந்த ஊர்ப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கிராமத்து நிலக் கணக்கான பழைய அ-பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் கோட்டைக் கிடங்கு என்று இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது வெறும் புறம்போக்கு. எந்தக் கட்டத்தில், எந்த அலுவலகத்தில் விட்டுப்போயிற்று என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லி யாரையும் நோகடிக்க விருப்பமில்லை. ஆயிரக்கணக்கான வரிகளைத் தட்டச்சு செய்யும்போது குறிப்புக் கலம் விட்டுப்போகும். ஆனால் பெயர் போனால் அது வெறும் பள்ளம். வெறும் பள்ளத்தைத் தூர்த்து மனை போட யாருடைய அனுமதியும் பெரிதாக வேண்டியிருக்காது. அதுதான் எனக்குப் பயம்.

அந்தப் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மனு எழுதினேன். சாட்சி வேண்டுமே. மறுபடியும் அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். அவர் வீட்டுப் பரணில் ஒரு தகர டிரங்குப் பெட்டி, அதில் அவருடைய ஐயா 1931-ல் வாங்கிய புஞ்சையின் கிரயப் பத்திரம். முத்திரைத்தாள் மடிப்பு மடிப்பாக விட்டிருந்தது. எங்கள் பக்கப் பத்திரத்தில் எல்லையை மால் என்று எழுதுவார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்: “இதற்கு நான்கு மால், கோட்டைக் கிடங்குக்கு மேற்கு...”

நகல் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். பெரியவர் பத்திரத்தை மறுபடி வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஊதா நிறத்தில் மங்கிப்போன ஒரு விரல்ரேகையைத் தொட்டுக் காட்டினார்.

“ஒரிஜினலைப் பத்திரமாக் கொண்டாந்திருங்க தாயி. எங்க ஐயா கைநாட்டு இது ஒண்ணுதான் இருக்கு.”

நகலை மனுவோடு சேர்த்துக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ப் பத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.